குல்சார் பேகம் எழுதாமல் விட்ட கேள்விகள்

ஒரே ஒரு பரீட்சைக்காக ஒரு வண்டி நிறையப் புத்தகம் வந்து இறங்கிய வீடு இந்தத் திருப்பூரில் ஒன்றே ஒன்றுதான். அந்த வண்டி ஊருக்குள் நுழைந்தபோது பெருமாநல்லூர் வரைக்கும் போக்குவரத்து நின்றது. கம்பெனி வேன்களில் இருந்த ஜனமெல்லாம் இறங்கி வேடிக்கை பார்த்தது. பெருமாநல்லூர் என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். புஷ்பா தியேட்டர் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தினமும்தான் நிற்கிறது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் வண்டி வந்தது நிஜம். குட்டியானை என்பார்களே, அந்தச் சின்ன லாரி. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி, குல்சார் பேகத்தின் வாசலில் வந்து நின்றது.

குல்சார் அப்போதுதான் கம்பெனி விட்டு வந்திருந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை.

"ஏனுங்க, இது என்னுங்க?"

"புஸ்தகம்," என்றார் அவள் கணவர் ஹிதாயத்துல்லா, தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்தபடி. "உனக்குத்தான்."

"நான் ஒரு புஸ்தகந்தானுங்க கேட்டேன்."

"ஒண்ணு வாங்கினா ஒரு வெலை, லாட்டா எடுத்தா ஒரு வெலை. கோயமுத்தூர்ல கோச்சிங் சென்டர் ஒண்ணை மூடறாங்க. அப்படியே அள்ளிட்டு வந்துட்டேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் வியாபாரம் செய்கிறவர் அவர். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய பனியனில் ஒரு ஓட்டையோ ஒரு கறையோ விழுந்து நின்றுபோனால், அதை மொத்தமாக எடுத்து, பிரித்து, விற்கிற தொழில். எதையும் ஒன்று இரண்டாக வாங்குவது அவர் வழக்கத்தில் இல்லை. வீட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனால் கூடையோடு வருவார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது ஒருத்தியைப் பார்த்தாரே, அதுவே பெரிய விஷயம்.

குல்சார் மேலாக இருந்த கட்டைப் பிரித்தாள். முதலில் வந்தது போலீஸ் வேலைக்கான கையேடு. அடுத்தது நர்சிங். பிறகு ரயில்வே, பேங்க், சர்க்கரை நோயாளிகள் என்ன சாப்பிடலாம் என்று ஒன்று, மலையாளத்தில் ஒன்று. அந்த மலையாளப் புத்தகம் எதைப் பற்றியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எல்லாவற்றுக்கும் அடியில், அவள் கேட்ட எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுப் புத்தகங்களும் இருந்தன. வேறு வேறு வருடத்தவை, வேறு வேறு ஆள் எழுதியவை. தடியாக இருந்ததை எடுத்துப் புரட்டினாள்.

"விடைப் பக்கம் கிழிஞ்சிருக்குதுங்க."

"அதான் செகண்ட்ஸ்," என்றார் அவர். "ஒரு சின்ன டேமேஜ். உள்ள சரக்கு நல்ல சரக்கு."

குல்சார் தலையில் கை வைத்து வாசல்படியில் உட்கார்ந்தாள்.

அவள் சோமனூரில் பிறந்தவள். அத்தா, அதாவது அப்பா, முகமது ரபீக் விசைத்தறி ஓட்டியவர். தறிகள் ஓடும் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து படித்து வளர்ந்ததால் சத்தம் இருந்தால்தான் அவளுக்குப் புத்தி ஓடும். அமைதியான நூலகத்தில் விட்டால் தூங்கிவிடுவாள். பி.காம். முடித்தாள், நல்ல மார்க். மேலே எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கல்யாணப் பேச்சு வந்தது. பெண் பார்க்க வந்த அன்றே, "படிக்கட்டுமுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்," என்று ஹிதாயத்துல்லா வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை அவர் மீறவே இல்லை. ஆனால் கல்யாணம், மகள் மஹ்னூர், எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை என்று ஒவ்வொன்றாக வந்து அவருக்குப் பதிலாகக் குறுக்கே நின்றன.

கம்பெனியில் அவளுக்கு மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டில் துணி வாங்குகிற பையருக்கும் இங்கே தைக்கிற ஆட்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்கு அப்படி ஒரு பெயர். அங்கே மேனேஜர் ஆக எம்.பி.ஏ. வேண்டும். அது ஒரு காரணம்தான். ஆனால் அவளுக்குள் இருந்த ஆசை வேறு. இரண்டு வருடம் ஒரு வகுப்பறையில் உட்கார வேண்டும். யாருக்கும் பதில் மெயில் போடாமல், எந்த பட்டன் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்காமல், ஒரு விஷயத்தை ஆரம்பத்தில் இருந்து முடிவு வரைக்கும் கேட்க வேண்டும். கோயமுத்தூரில் அரசுக் கல்லூரி ஒன்றில் அந்தப் படிப்பு இருந்தது. அங்கே இடம் வேண்டுமென்றால் டான்செட் பரீட்சையில் நல்ல மார்க் வேண்டும்.

இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் மார்க்கை வெளியே சொல்லவில்லை. இரண்டாவது முடிவு வந்த அன்று, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மாமி தீர்ப்புச் சொன்னார். மாமி என்றால் ஹிதாயத்துல்லாவின் அம்மா. அந்த வீட்டில் உச்ச நீதிமன்றம்.

"இன்னொரு தடவை எழுதிக்க கண்ணு. நான் வேண்டாங்கல. ஆனா அதோட முடிச்சுக்கோணும். கெடைக்காட்டி அவிநாசிபாளையத்துக் கடைல நீ உக்காந்துக்க."

அவிநாசிபாளையத்தில், தாராபுரம் போகிற ரோட்டின் ஓரத்தில், ஹிதாயத்துல்லா இன்னொரு கடை திறக்கப் போகிறார். கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும். குல்சாரைவிட நம்பிக்கையான ஆள் யார்? குல்சார் சரி என்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வது. கல்லூரி வகுப்பறை, இல்லாவிட்டால் ரோட்டோரக் கல்லா. இரண்டில் ஒன்றை இந்தப் பரீட்சை முடிவு செய்யும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் குட்டியானை வந்து இறங்கியது.

வந்ததைப் படித்துவிடுவோம் என்றுதான் ஆரம்பித்தாள். சதவீதக் கணக்கை ஒரு புத்தகம் ஒரு விதமாகச் சொன்னது. இன்னொன்று, அந்த விதம் தப்பு, எங்கள் குறுக்கு வழிதான் சரி என்றது. மூன்றாவது இரண்டையும் கேலி செய்துவிட்டு ஒரு சூத்திரம் கொடுத்தது. மூன்றையும் படித்த பிறகு, அதற்கு முன்பு அவளுக்குத் தெரிந்திருந்த சதவீதமும் மறந்துபோனது. ஒவ்வொரு புத்தகத்திலும் படித்த இடத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தாள். புத்தகங்கள் எல்லாம் சீட்டு நீட்டிக்கொண்டு நின்றன.

வீட்டார் ஒத்தாசையும் குறையவில்லை.

"படிக்கிறயா கண்ணு?" என்பார் மாமி.

"ஆமாங்க மாமி."

"கை சும்மாதான இருக்குது? இந்தப் பூண்டை உரிச்சுக்கிட்டே படி."

ஹிதாயத்துல்லாவின் ஒத்தாசை இன்னும் பெரியது. அவர் உபதேசம் செய்வார். "எந்தக் கேள்வியையும் விட்டுடாதே குல்சாரு. யாவாரத்துல நான் ஒரு பீஸை விட மாட்டேன். கிழிஞ்சதா, துடைக்கிற துணின்னு விப்பேன். தொடைக்கவும் ஆகாதா, தலகாணிக்குள்ள அடைக்க விப்பேன். விட்டா அது செத்த சரக்கு. பரீட்சையும் யாவாரமும் ஒண்ணுதான்."

முதல் இரண்டு தடவையும் இந்த உபதேசப்படிதான் எழுதினாள். நூறு கேள்விக்கும் விடை. ஒன்றைக்கூட விடவில்லை. அதைச் சொல்லி அவர் கடையில் பெருமைப்பட்டுக்கொண்டார்: எங்க ஊட்ல ஒரு கேள்வியைக்கூட விடலீங்க.

பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. ஒரு சனிக்கிழமை, சம்பள நாள், கம்பெனியில் நேரம் இழுத்துக்கொண்டது. குல்சார் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் படிக்கிற அறையே மாறியிருந்தது. குவியல் குவியலாகக் கிடந்த புத்தகங்கள் இப்போது சுவரை ஒட்டி, பண்டல் பண்டலாக, பனியன் துணி நாடாவால் இறுக்கிக் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் சின்னத்தாய் நின்று கையைத் தட்டித் தூசியைப் போக்கிக்கொண்டிருந்தாள். சின்னத்தாய் ஹிதாயத்துல்லாவின் குடோனில் சரக்குப் பிரிக்கிறவள். விருதுநகர்ப் பக்கத்தில் இருந்து குடும்பத்தோடு வந்தவள்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கறீங்க?"

"பாய்தேன் சொன்னாக. தாயி படிக்க லாட்டைப் பிரிச்சுக் குடுன்னு. பெருசு பூராவும் எக்ஸெல்லு, அதுக்கடுத்தாப்புல எல்லு, எம்மு. குட்டியா இருக்கதெல்லாம் எஸ்ஸு. அட்டை கலரும் சேத்துத்தேன் கட்டியிருக்கேன். பாக்க எப்படி இருக்கு?"

குல்சார் பையை இறக்கி வைத்தாள். ஒரு பண்டலின் ஓரத்தைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. ஒரு சீட்டும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"உள்ள பேப்பர்த் துண்டு வெச்சிருந்தேனே?"

"அதுவா? பிசிறு கணக்கா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு விடாம உருவி எடுத்துப்புட்டேன்," என்றாள் சின்னத்தாய். பனியனில் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அது அவளுக்குக் கையோடு ஊறிய பழக்கம். "இம்புட்டு பிசிறு நான் எந்த லாட்டுலயும் பாக்கல தாயி."

அந்த நேரம் பார்த்து ஹிதாயத்துல்லா வந்தார். வாசலிலேயே நின்று, "எப்படி? செட் பண்ணிக் குடுத்தாச்சா?" என்றார், பரிசு கொடுத்தவர் மாதிரி.

குல்சார் கத்தவில்லை. மெதுவாகப் பேசினாள், அதுதான் அவருக்கு அதிகம் பயம்.

"ஏனுங்க, நான் உங்களை என்னுங்க கேட்டேன்? ஒரு புஸ்தகம் கேட்டேன். வண்டியோட கொண்டாந்தீங்க. சரின்னேன். விடைப் பக்கமில்லாம கொண்டாந்தீங்க. அதுக்கும் சரின்னேன். இப்பப் படிச்ச எடமெல்லாம் போச்சு. இதுக்கு நீங்க வேண்டாம்னு முன்னயே சொல்லியிருந்தா, நிம்மதியாத் திருட்டுத்தனமாப் படிச்சிருப்பேன்."

"அட, முடிச்சை அவுத்தாப் போச்சு."

அவிழ்த்துப் பார்த்தார். சின்னத்தாயின் முடிச்சு அது. லாரியில் கல்கத்தா வரைக்கும் போனாலும் அவிழக் கூடாது என்று போடுகிற முடிச்சு. அவர் நகம்தான் பெயர்ந்தது. வெட்டலாம் என்று கத்தரிக்கோல் தேடினால், அதை மஹ்னூர் எங்கோ கொண்டுபோய் வைத்திருந்தாள். சமையல் கத்தியை நாடாவில் வைக்க மாமி விடவில்லை. சின்னத்தாய், "நான் வாரேன் தாயி," என்று நழுவிவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. குல்சார் கோபத்திலேயே எழுந்தாள். கதவோரம் இருந்த சின்னப் பண்டல் ஒன்றில் மட்டும் நாடா கொஞ்சம் தளர்ந்திருந்தது. குட்டிப் புத்தகங்களின் பண்டல். அதற்குள் இருந்து ஒன்றை இழுத்தாள், பேங்க் பரீட்சை. இன்னொன்று, ஆங்கிலப் பழமொழிகள். மூன்றாவதாக வந்தவை பழைய எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு வினாத்தாள்கள். மெல்லிய புத்தகங்கள், வருடத்துக்கு ஒன்று, கடைசிப் பக்கத்தில் விடையோடு. தடித் தடிப் புத்தகங்களுக்கு அடியில் இத்தனை நாள் கிடந்திருந்தன. அவள் கண்ணில் படவே இல்லை.

சமையலறைக் கடிகாரத்தைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். பக்கத்து வீட்டில் பனியன் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நல்லவேளை. நிஜப் பரீட்சை போலவே இரண்டு மணி நேரம் எழுதினாள். பிறகு விடையைப் பார்த்துத் திருத்தினாள். மார்க் கேவலமாக இருந்தது.

வழக்கமாக அந்த இடத்தில் தாளை மூடிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போவாள். அன்றைக்கு அடுத்த புத்தகம் முடிச்சுக்குள் இருந்தது. அதனால் மூடவில்லை. அவள் பையில் அம்புக்குறி ஸ்டிக்கர் கிடந்தது. துணியைச் சரிபார்க்கும்போது ஓட்டையோ கறையோ தெரிந்தால், அந்த இடத்தைக் காட்ட ஒட்டுகிற சின்ன ஸ்டிக்கர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கிற யார் பையிலும் கிடக்கும். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் ஒன்று ஒட்டினாள். அந்தப் பாடமே தெரியாமல் போட்டதற்குச் சிவப்பு. தெரிந்தும் அவசரத்தில் கோட்டைவிட்டதற்கு மஞ்சள். தெரியாது என்று தெரிந்தே, எதையாவது போட்டு வைப்போம் என்று குத்துமதிப்பாக விடைக்கான வட்டத்தைக் கறுப்படித்ததற்குப் பச்சை.

ஒட்டி முடித்துப் பார்த்தால் தாளே பச்சை வயல் மாதிரி இருந்தது.

இந்தப் பரீட்சையில் தப்பான விடைக்குக் கிடைத்த மார்க்கிலிருந்து கழிப்பார்கள். விட்டால் கழிக்க மாட்டார்கள். இது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். இரண்டு வருடமாக அவளைத் தோற்கடித்தது கணக்கும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. பச்சைதான்.

அதன் பிறகு அவள் தடிப் புத்தகம் எதையும் தொடவில்லை. முடிச்சை அவிழ்க்கவும் சொல்லவில்லை. பழைய தாள் ஒன்றை எழுதுவாள். எழுதியதைவிட அதிக நேரம் ஸ்டிக்கர் ஒட்டிய இடங்களோடு உட்கார்ந்திருப்பாள். மஞ்சள் விழுந்த கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பாள். சிவப்பில் எது இரண்டு நாளில் வசப்படுமோ அதை மட்டும் கற்றுக்கொண்டாள். பச்சையைத்தான் விடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டம். காலி வட்டத்தைப் பார்த்தால் கை துறுதுறு என்றது.

ஹிதாயத்துல்லா ஒரு நாள் தாளை எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதென்ன, நடுவுல நடுவுல காலியா கெடக்குது?"

"விட்டுட்டேனுங்க."

"விடறதா?" அவர் தாளைக் கீழே வைத்தார். "கடைசித் தடவை வேற. இப்பப் போய் விடறேங்கறே. குருட்டாம்போக்குல நாலு சரியா விழாதா?"

"ஏனுங்க, போன வருசம் உடுமலைக்காரருக்கு ஒரு லாட் குடுத்தீங்களே, ஞாபகமிருக்குதா? சாயம் போற பீஸு நாலைஞ்சை நல்ல சரக்கோட கலந்து கட்டினீங்க. என்ன ஆச்சு?"

என்ன ஆயிற்று என்று காதர்பேட்டைக்கே தெரியும். அந்த நாலைந்து, நனைந்து, மற்றதெல்லாவற்றிலும் சாயத்தை ஏற்றிவிட்டது. முழு லாட்டும் திரும்பி வந்தது.

"அந்த நாலைஞ்சை நீங்க விட்டிருந்தா மத்ததெல்லாம் நின்னிருக்கும். இதுவும் அப்படித்தானுங்க."

ஹிதாயத்துல்லா தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "பரீட்சை வேற, யாவாரம் வேற."

இத்தனை மாதம் இரண்டும் ஒன்று என்று சொல்லி அவள் உயிரை எடுத்தவர் அவர்தான். குல்சார் தாளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

பரீட்சைக்குக் கோயமுத்தூர் போக அவரும் கூட வந்தார். பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார், இறங்கும்போது மட்டும், "விடாதே," என்றார். பழக்கதோஷம்.

உள்ளே குல்சார் தாளை ஒரு முறை முழுக்கப் புரட்டினாள். தெரிந்ததை முதலில் எழுதினாள். நேரம் பிடிக்கும் என்று தோன்றியதைத் தள்ளி வைத்து, திரும்ப வந்து எழுதினாள். மிச்சத்தை விட்டாள். வெளியே வந்தபோது ஹிதாயத்துல்லா மரத்தடியில், மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் எழுதிட்டயா?"

"இல்லீங்க. கொஞ்சம் விட்டுட்டேன்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சமில்லீங்க. நெறையத்தான்."

கருமத்தம்பட்டி தாண்டும்வரை அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே வந்தார். பிறகு போனை எடுத்து, அவிநாசிபாளையத்துக் கடைக்கு மேஜை செய்கிற ஆசாரியை அழைத்தார். "கல்லா மேஜை ஒயரத்தைக் கொஞ்சம் கொறைச்சுருங்க. உக்காரப் போறவங்க அவ்ளோ ஒயரமில்லை." குல்சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஆளைப் பஸ்ஸிலிருந்து தள்ளிவிட முடியாது, கூட்டம் அதிகம்.

முடிவு வந்த அன்று அவள் கம்பெனியில், ஒரு சாம்பிள் பனியனின் கழுத்துப் பட்டி சரியில்லை என்று பையருக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். போனில் மார்க்கைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். விளக்கத்தை முழுசாக எழுதி அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள். கலந்தாய்வில் கோயமுத்தூர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மாமி அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நிதானமாகப் பார்த்துவிட்டு, "அப்பக் கடைல யாரு உக்கார்றது?" என்றார். அவ்வளவுதான், சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை அவர். ஹிதாயத்துல்லா மறுபடி ஆசாரிக்குப் போன் போட்டார். மேஜையை முதன்முதலில் சொன்ன உயரத்துக்கே செய்யச் சொன்னார். இப்போது அங்கே அவரேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு வருடம் தோற்ற ஒருத்தி, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, ஒரு காலி வட்டத்தின் மேல்கூடப் பேனாவை வைக்காமல், எழுந்து வந்தாள் என்று முடித்து, இதைக் குல்சாரிடமே வாசித்துக் காட்டினேன். காலேஜ் லீவுக்கு வந்திருந்தவள், டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாஞ் சரிங்க," என்றாள். "அந்தக் கடைசி வரியை மட்டும் அடிச்சுருங்க. மணி அடிக்கறப்ப ரெண்டு கேள்வியை விட மனசே வரலீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கறுப்படிச்சுட்டேன். ரெண்டுமே தப்பு."